ஒரு நகரத்தைப் பிடிக்க ஏன் இத்தனை மாதம்?

"இராக்கின் மொசூலுக்கு ஒன்பது மாதம், பிலிப்பைன்ஸின் மராவிக்கு ஐந்து மாதம். விமானம், டாங்கி, ட்ரோன் எல்லாம் வைத்திருக்கும் ராணுவங்கள் ஒரு ஊருக்குள் நுழைந்ததும் ஏன் இப்படித் திணறுகின்றன? இதற்கெல்லாம் பயிற்சி கிடையாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கிப் படிப்பதாகச் சொல்லிவிட்டு, "எங்கள் சந்துக்குள் ஆம்புலன்ஸே வராது, டாங்கி எப்படி வரும்?" என்று கடைசியில் ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு ராணுவத்திடம் இருக்கிற சாமான்களில் பாதி அந்தச் சந்தில் உதவாது என்றால், மிச்சமிருக்கிற ஆட்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

நான் காலாட்படையில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். கடைசி சில வருடங்கள் இளம் அதிகாரிகளுக்குப் பாடம் எடுத்தேன். இப்போது நங்கநல்லூரில் ஓய்வு. காஷ்மீரில் சின்னச் சின்ன ஊர்களைச் சுற்றி வளைத்துத் தேடுகிற வேலையை, நாங்கள் 'கார்டன் அண்ட் சர்ச்' என்போம், நிறையச் செய்திருக்கிறேன். ஆனால் ஒரு பெருநகரத்துக்குள் மாதக்கணக்கில் நடந்த சண்டை எதிலும் நான் இருந்ததில்லை. அதைப் படித்தும் இருந்தவர்களிடம் கேட்டும்தான் அறிந்தேன். எது எந்த வகை என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

உங்கள் மேன்ஷனிலிருந்தே தொடங்கலாம். மூன்று தளம், தளத்துக்குப் பத்து அறை, நடுவில் ஒரே நடை, ஒரே மாடிப்படி, மேலே தண்ணீர்த் தொட்டியும் துணிக்கொடியும் இருக்கிற மொட்டை மாடி என்று வைத்துக்கொள்வோம். நம் ராணுவத்தில் ஒரு செக்‌ஷன் என்றால் பத்துப் பேர். அவர்கள் கீழ்த்தளத்தை அறை அறையாகப் பார்த்து முடித்துவிட்டார்கள். சரி, மேலே போக வேண்டும். பார்த்து முடித்த இடத்துக்கு வேறு யாரும் திரும்பி வந்துவிடாமல் படிக்கட்டருகே இரண்டு பேரை நிறுத்தியே ஆக வேண்டும். முதல் மாடியிலும் அப்படியே இரண்டு பேர். மிச்சம் ஆறு. இரண்டாம் மாடியில் ஒருவருக்குத் தொடையில் குண்டு படுகிறது. பாதுகாப்புக் கவசமும் ஆயுதமும் சேர்த்து நூறு கிலோவைத் தொடும் ஆளை அந்தக் குறுகின படியில் இறக்க நாலு பேர் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சண்டைபோட மிச்சம் ஒருவர். மொட்டை மாடியை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை.

அதாவது ஒரு மேன்ஷனுக்கே முப்பது சொச்சம் பேர் கொண்ட ஒரு பிளட்டூன் போதுமா போதாதா என்கிற நிலை. நூறு சொச்சம் பேர் கொண்ட ஒரு கம்பெனி ஒரு தெருவில் கரைந்துபோகும். எண்ணூறு பேர் வரை இருக்கிற ஒரு பட்டாலியனுக்குப் பெரிய தெருவும் நாலைந்து சந்துகளும் கொடுத்தாலே அதிகம். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். ஏன் மாதக்கணக்கில் ஆகிறது என்ற கேள்விக்கு இதுதான் முதல் பதில், இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நகரம் படையைத் தோற்கடிப்பதற்கு முன்னாலேயே தின்றுவிடுகிறது.

டாங்கி விஷயத்துக்கு வருகிறேன். வர முடியாது என்பதல்ல, வந்தாலும் என்ன செய்யும் என்பதுதான் பிரச்சினை. ரஷ்ய டி-72 டாங்கியின் பீரங்கியை மேல்நோக்கிச் சுமார் 14 டிகிரிதான் தூக்க முடியும். தெருவில் இருபது மீட்டர் தள்ளி நிற்கும் கட்டடத்தில் ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் அது சுடவே முடியாது. இரண்டாவது மாடி ஜன்னலின் அடிவிளிம்பைத் தொட்டாலே பெரிது. 1994 டிசம்பர் 31 அன்று ரஷ்யப் படை செச்சினியத் தலைநகர் குரோஸ்னிக்குள் அணிவகுப்புப் போலத் தொடர் தொடராக வண்டிகளை ஓட்டிக்கொண்டு போனது. 131-வது மைகோப் படையணி ரயில் நிலையம் வரை போய்விட்டது, பெரிய எதிர்ப்பு இல்லை. அப்புறம்தான் மேல்மாடிகளிலிருந்தும் அடித்தள அறைகளிலிருந்தும் ராக்கெட் குண்டுகள் வந்தன. முதல் வண்டியையும் கடைசி வண்டியையும் அடித்துவிட்டால் நடுவில் இருப்பது எங்கும் போக முடியாது. அந்தப் படையணி 26 டாங்கிகளில் 20-ஐ இழந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பிறகு, விமானங்களைச் சுடுவதற்காகச் செய்த பீரங்கி வண்டிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றின் குழல் வானம் வரை நிமிரும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

குரோஸ்னியின் பாடம் டாங்கி வேண்டாம் என்பதாகப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டாங்கியும் காலாட்களும் தனித்தனியே போனதுதான் அங்கே கெட்ட விஷயம். டாங்கிக்குப் பக்கவாட்டில் கண் தெரியாது, காலாளுக்குச் சுவரை உடைக்கிற பலம் கிடையாது. ஒருவர் இன்னொருவருக்குக் கண்ணும் கையுமாக இருக்க வேண்டும். இது உத்தரவு போட்டு வருகிற பழக்கமல்ல. டாங்கியின் பின்புறம் இருக்கிற டெலிபோனை எடுத்து உள்ளே இருக்கும் ஓட்டுநரிடமோ கமாண்டரிடமோ "ஆரஞ்சு கலர் வீடு, இடமிருந்து மூணாவது ஜன்னல்" என்று ஒரு ஜவான் பேசிப் பழகியிருக்க வேண்டும். அந்த 'ஆரஞ்சு' உள்ளே இருப்பவருக்கும் ஆரஞ்சாகவே தெரிகிறதா என்று முன்னாலேயே பார்த்துவைத்திருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், பயிற்சியில் பாதி நேரம் இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான் போகும்.

நகரச் சண்டையில் கதவும் தெருவும் எதிரி எதிர்பார்க்கிற வழிகள். 1943 டிசம்பரில் இத்தாலியின் ஓர்டோனா ஊரில் கனடியர்கள் தெருவில் இறங்குவதையே குறைத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு பொதுச்சுவரில் வெடிவைத்து ஓட்டை போட்டு உள்ளுக்குள்ளேயே நகர்ந்தார்கள். எலிவளை போடுவது என்று அதற்குப் பெயர். ஜார்ஜ் டவுனில் மிண்ட் தெருப் பக்கம் நடந்தால் எனக்கு அந்த ஞாபகம் வந்துவிடும். ஒன்றின் சுவர் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் வீடுகள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓட்டை போடுகிறவருக்கு அது சுவர். அந்தப் பக்கம் குடியிருப்பவருக்கு அது சாமி படம் மாட்டிய கூடம்.

அடுத்தது, பேச்சு. திறந்த வெளியில் பல கிலோமீட்டர் எட்டுகிற ரேடியோ செட், நாலு கான்கிரீட் தளத்துக்கு நடுவே கரகரப்பு மட்டுமே தரும். இதனால் என்ன ஆகிறது என்றால், மேலதிகாரி தெருமுனையில் இருந்தும் உள்ளே நடப்பது அவருக்குத் தெரியாது. முடிவெடுப்பது இருபத்தைந்து வயது நாயக்கோ ஹவில்தாரோதான். திறந்த மைதானத்தில் கர்னல் எடுக்கிற முடிவை நகரத்தில் ஹவில்தார் எடுக்கிறார், அதுவும் மூன்று வினாடியில். ஆகவே என்னைப் பொறுத்தவரை பயிற்சியின் மையம் அவர். கதவை உதைத்து உள்ளே போவதை எந்த ஜவானுக்கும் இரண்டு வாரத்தில் கற்றுத்தரலாம். "உள்ளே அழுகைச் சத்தம் கேட்கிறது, கையெறி குண்டு போடலாமா வேண்டாமா" என்பதைத் தானே தீர்மானித்து, பிறகு அந்தத் தீர்மானத்தோடு வாழக்கூடிய ஒரு ஹவில்தாரை உருவாக்க வருடங்கள் ஆகும். எதையும் மேலே கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று பழக்கிய ராணுவம் இங்கே உறைந்துபோகும். நம்மிடம் அந்தப் பழக்கம் கொஞ்சம் தூக்கல் என்பது என் தனிப்பட்ட கருத்து. என்னோடு பணியாற்றிய சிலரே இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பயிற்சிக்காகவே ஊர்களைக் கட்டிவைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் சாலிஸ்பரி சமவெளியில் கோப்ஹில் டவுன் என்று ஒன்று. 1980-களில் ஜெர்மன் கிராமம் மாதிரி கட்டினார்கள். அன்றைக்கு அவர்கள் எதிர்பார்த்த போர் ஜெர்மனியில். வந்த போர்களோ வேறெங்கோ. பிரான்ஸில் சிசோன், இஸ்ரேலில் நெகேவ் பாலைவனத்துச் செய்லிம், சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளும் ரயில் நிலையமும் கொண்ட ஒரு பெரிய பயிற்சி நகரம் என்று வசதிகள் பெருகிவிட்டன. இங்கே நம் சென்னையிலேயே, வண்டலூர் பக்கம் நெடுங்குன்றத்தில் தேசியப் பாதுகாப்புப் படையின் மையம் இருக்கிறது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நாலு நகரங்களில் தொடங்கியவற்றில் அது ஒன்று.

இந்த ஊர்கள் உதவுமா? உடம்புக்குக் கட்டாயம் உதவும். முனை திரும்புவது, ஒருவர் சுடும் கோணத்தில் இன்னொருவர் குறுக்கே போகாமல் இருப்பது, பார்த்து முடித்த அறைக்கு அடையாளம் போடுவது, இதெல்லாம் செய்து செய்துதான் வரும். ஆனால் பயிற்சி ஊரில் நான் எப்போதும் கவனித்த ஒரு குறை, அங்கே சமையல் வாசனை இல்லை. யாரும் குடியிருக்கவில்லை. நாங்கள் சில ஜவான்களுக்குச் சேலை கட்டிவிட்டுப் பொதுமக்களாக நடிக்க வைப்போம். முதல் நாள் ஒரே சிரிப்பாக இருக்கும். ஆனால் கூட்டமாக வந்து கையைப் பிடித்து இழுத்து, "என் பிள்ளை அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான்" என்று அவர்கள் கத்த ஆரம்பித்ததும், நன்றாகப் பயிற்சி பெற்ற செக்‌ஷன்கூட ஐந்து நிமிடத்தில் குலைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நிஜத்தில் அவர்கள் நடிகர்கள் அல்ல, போகவும் மாட்டார்கள். கிழவர்கள், நோயாளிகள், போக்கிடம் இல்லாதவர்கள் எந்த நகரத்திலும் மிஞ்சுவார்கள். 2004-ல் அமெரிக்கப் படை தாக்கிய இராக்கின் ஃபலூஜாவில் பெரும்பாலான மக்கள் முன்கூட்டியே வெளியேறிவிட்டார்கள். மொசூலில் லட்சக்கணக்கானோர் உள்ளேயே இருந்தார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரிய பங்கு இதற்குத்தான். மொசூலில் இறந்த பொதுமக்கள் 9,000 முதல் 11,000 வரை என்று ஏபி செய்தி நிறுவனம் கணக்கிட்டது. அதிகாரப்பூர்வத் தரப்புகள் சொன்ன எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு. இடிபாடுகளுக்கு அடியில் இருப்பவர்களை யார் எண்ணினார்கள் என்பதைப் பொறுத்தே இந்த எண்கள் மாறும்.

தமிழில் இதைப் பேசும்போது யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போக முடியாது. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படை அந்த நகரத்தைப் பிடிக்கப் போனது. மலைக்கும் எல்லைக்கும் பழகிய பட்டாலியன்கள் அவை. அக்டோபர் 12 அதிகாலையில், புலிகளின் தலைமையைப் பிடிக்கலாம் என்று பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டர்களில் இறங்கியவர்களில் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரிக்காரர்கள் 30 பேர். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கூடவே இறங்கிய கமாண்டோக்கள் வீடுகளுக்குள் ஒதுங்கித் தாக்குப்பிடித்தார்கள். அவர்களை மீட்கப் போன டாங்கிகள் சாலையை விட்டுவிட்டு ரயில் தண்டவாளத்தின் வழியாகப் போயின. சாலையில் கண்ணிவெடி இருக்கும், தண்டவாளத்தை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள் என்ற எண்ணம். வகுப்பில் நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் அது.

அதே வகுப்பில் சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று, அந்த மாதம் 21-ம் தேதி, தீபாவளியன்று, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நம் படையினர் நுழைந்தபோது மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என அறுபது, எழுபது பேர் கொல்லப்பட்டது. உள்ளேயிருந்து சுட்டார்கள் என்பது ராணுவத் தரப்பு. படுகொலை என்பது பிழைத்து வந்தவர்கள் சொல்வது. நான் அந்தச் சீருடையைப் போட்டவன். மருத்துவமனைக்குள் செத்துக் கிடந்தவர்கள் யார் என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை, அது போதும் எனக்கு. என் முதல் யூனிட்டில் இருந்த சுபேதார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே தமிழ் தெரிந்திருந்தது வசதியாக இருந்திருக்குமே என்று ஒருமுறை கேட்டுவைத்தேன். "சார், மத்த பட்டாலியன் பசங்களுக்கு வீட்டுக்குள்ள அழுகைச் சத்தம் மட்டும் கேட்கும். எங்களுக்கு என்ன சொல்லி அழுவுறாங்கன்னும் புரியும்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவசரப்படாமல் இருப்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. அமிர்தசரஸ் பொற்கோயில் வளாகத்துக்குள் 1984 ஜூனில் டாங்கி வரைக்கும் போனது. நாலு வருடம் கழித்து 1988 மே மாதம் அதே இடத்தில் சுற்றி வளைத்து, தண்ணீரை நிறுத்தி, நாள்கணக்கில் காத்திருந்தார்கள். உள்ளே இருந்த தீவிரவாதிகளில் பெரும்பாலோர் சரணடைந்தார்கள். ஒரு வளாகத்தில் நடந்ததை முழு நகரத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதும் உண்மை. லட்சம் பேருக்குத் தண்ணீரை நிறுத்தினால் முதலில் சாவது துப்பாக்கி வைத்திருப்பவன் அல்ல.

மும்பையில் 2008-ல் பத்தே பேர் ஒரு பெருநகரத்தை ஏறத்தாழ அறுபது மணி நேரம் பிடித்து வைத்திருந்தார்கள். தேசியப் பாதுகாப்புப் படை கமாண்டோக்கள் டெல்லி பக்கத்து மானேசரிலிருந்து வந்து இறங்கவே மறுநாள் காலை ஆகிவிட்டது. தாஜ் ஹோட்டலின் நடைகளும் சேவை வழிகளும் தெரிந்தவர்கள் அங்கே வேலை செய்த ஊழியர்கள்தான். வெளியே டிவி நேரலையில் காட்டியதைப் பார்த்து எல்லைக்கு அப்பாலிருந்து கொலைகாரர்களுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நகரத்தில் சண்டை போடுவதென்றால் கேமரா இருக்கும் என்பதையும் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று அதன் பிறகுதான் நமக்கு உறைத்தது.

ஊர் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் கண்ணால் பார்த்தது போரில் அல்ல, 2015 டிசம்பர் வெள்ளத்தில். அடையாறு கரை புரண்டு சைதாப்பேட்டைப் பாலம் மூடப்பட்டு, ஊர் இரண்டாக நின்றது. மீட்புக்கு வந்த ஒரு ராணுவக் குழுவோடு, பழைய பழக்கத்தில் நானும் ஒட்டிக்கொண்டேன். இளம் கேப்டன், நல்ல பையன், கையில் வரைபடம், படகு, ஆட்கள் எல்லாம் இருந்தன. அவருக்கு வந்த தகவல், "இரண்டாவது மெயின் ரோடு, முதல் மாடியில் டயாலிசிஸ் நோயாளி." சென்னையில் நகருக்கு ஒரு இரண்டாவது மெயின் ரோடு உண்டு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பெயர்ப்பலகைகள் தண்ணீருக்குள். கடைசியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த ஒரு ஆட்டோக்காரரைப் படகில் ஏற்றிக்கொண்டோம். "பிள்ளையார் கோயில் கோபுரம் தெரியுதா சார், அதுக்கு எதிர்ச்சந்து, மூடின ரேஷன் கடை தாண்டி பச்சைக் கேட்டு" என்று அவர் சொல்லச் சொல்லப் போனோம். பத்து நிமிடத்தில் நோயாளி படகில். அதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் வீணாகியிருந்தது. யாரும் சுடாத ஊரிலேயே இந்த நிலை என்றால் மற்றதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி உறுதியாகச் சொல்ல முடியாதவை. நகரத்தைத் தாக்க எதிரியைவிட ஆறு மடங்கு, பத்து மடங்கு ஆள் வேண்டும் என்று நிறைய இடத்தில் படிப்பீர்கள். தோராயமான விதியாக நானும் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் பழைய சண்டைகளின் கணக்கை எடுத்து ஆராய்ந்தவர்களே அதில் ஒத்துப்போவதில்லை, பொன்விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ட்ரோன் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதா என்பதும் அப்படித்தான். மொசூலில் ஐஎஸ் அமைப்பினர் கடையில் வாங்கிய சின்ன ட்ரோன்களிலிருந்து கையெறி குண்டு போட்டார்கள். எது யாருக்குச் சாதகம் என்று அப்போதே குழம்பிவிட்டது. தெருமுனையைத் தலையை நீட்டாமல் பார்க்க முடிவது பெரிய வரம். மாடிப்படி மட்டும் மாறவில்லை, யாராவது ஏறித்தான் ஆக வேண்டும். மராவியில் பிலிப்பைன்ஸ் படை ராக்கெட் குண்டுகளுக்குத் தடுப்பாகக் கவச வண்டிகளின் வெளிப்புறம் மரப்பலகைகளைக் கட்டிக்கொண்டு சண்டை போட்டது. காட்டுக்குப் பழகிய படை அது. நகரத்துக்கு வேண்டியதைச் சண்டையின் நடுவில் தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த மாதிரிக் கைவேலையைப் பயிற்சியில் எவ்வளவு தூரம் சொல்லித்தர முடியும் என்பது எனக்கே பிடிபடாத விஷயம்.

பாரிமுனைக்குப் போனால் டேர் ஹவுஸ் பக்கம் ஒரு பழைய எல்லைக் கல் நிற்கும், பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது பக்கத்து வீடுகள் அவர்களுக்கு மறைவிடமாக இருந்தன. எனவே கோட்டையைச் சுற்றி வீடே கட்டக் கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இடத்தைக் காலியாக்கி, 1773-ல் நட்ட கற்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். நகரச் சண்டைக்கு அன்றைய ராணுவம் கண்ட வழி, நகரத்தையே தள்ளி வைப்பது. இன்றைக்கு யாருக்கும் அது கைகூடாது.

பாடம் எடுத்த காலத்தில் நான் ஒரு வேலை கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை, சாதாரண உடையில், பக்கத்து ஊர்க் கடைவீதிக்குப் போய் ஒரே ஒரு கட்டடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வர வேண்டும். பெரும்பாலோர் ஜன்னல் எத்தனை, சுவர் என்ன கனம், எங்கிருந்து சுடலாம் என்று படம் போட்டுக் கொண்டுவருவார்கள். ஒரு பையன் மட்டும் கிணறு எங்கே, டிரான்ஸ்ஃபார்மர் எங்கே, படுத்த படுக்கையாக இருப்பவர் எந்த வீட்டில் என்று எழுதிவிட்டு, கடைசி வரியில் "மொட்டை மாடிச் சாவி இரண்டாம் மாடியில் இடதுபக்கப் பாட்டியிடம், காலை பத்து மணிக்கு மேல் போனால் கோயிலுக்குப் போயிருப்பார்" என்று முடித்திருந்தான். அந்த பேட்ச்சில் அவனுக்குத்தான் முழு மதிப்பெண் போட்டேன்.